கூடத்துச் சுவருக்கு அலுமினியமா, கேன்வாஸா, காகிதமா?

பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரம் இருக்கிறது அக்கா வீடு. முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. போன வருஷம் ஓடு மாற்றி, காரை பெயர்ந்த இடங்களைப் பூசி, கூடத்தில் நாற்பது வருஷமாகச் சேர்ந்திருந்த காலண்டர்களையும் ஆணிகளையும் பிடுங்கினார்கள். முற்றத்தைப் பார்த்தபடி பத்தடிக்கு வெறும் வெள்ளைச் சுவர் மிஞ்சியது. "இதுல ஒரே ஒரு பெரிய படம் போதும். சாமி படமெல்லாம் பூஜை ரூமுக்குப் போயாச்சு" என்றாள் அக்கா. பெங்களூரில் வேலை பார்க்கும் அவள் மகன், ஏதோ ஹோட்டல் வரவேற்பறையில் பார்த்ததைப் போனில் அனுப்பினான். கோடு இழுத்த அலுமினியத் தகட்டில் அச்சடித்த அரூப ஓவியம், அதாவது ஆள், மரம் என்று உருவம் எதுவும் இல்லாமல் வடிவமும் நிறமும் மட்டும். அத்தான் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "லிஃப்ட் கதவு மாதிரி இருக்கே" என்றார். குறையாகத்தான் சொன்னார், ஆனால் ரொம்பச் சரியாகச் சொன்னார்.

எங்கள் அப்பா கும்பகோணத்தில் கண்ணாடி பிரேம் போடும் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பிரேமுக்கான மரச்சட்டமான பீடிங்கை அறுப்பதைப் பார்ப்பதும், பின்னட்டைக்குக் காகித டேப் ஒட்டுவதும்தான் எனக்கு விளையாட்டு. அதனால் சொந்தத்தில் யார் எதைச் சுவரில் மாட்டினாலும் முதல் போன் எனக்கு வரும். இந்த முறை நாலு மாதம் அலைந்தேன். மாதிரித் துண்டுகள் வாங்கினேன், ஒரு தப்பைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். கடைசியில் எனக்குத் தெளிவானது இவ்வளவுதான்: தகடா, துணியா, காகிதமா என்பதைப் படத்தை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. முதலில் சுவரைப் பார்க்க வேண்டும். வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது, சுவர் ஓதம் அடிக்கிறதா, கடல் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

தகடு என்றால் எந்தத் தகடு?

பிரஷ்டு அலுமினியம், ஹேர்லைன் என்று கடைக்காரர்கள் சொல்வது, ஒரே திசையில் மெல்லிய கீறல்கள் போட்ட பரப்பு. வீட்டிலேயே இதன் குணத்தைப் பார்த்துவிடலாம். எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்து விளக்குக்கு நேராகப் பிடியுங்கள். வட்டவட்டமாகக் கடைந்த கோடுகளின் மேல் ஒளி விசிறி மாதிரி விரியும். தட்டைச் சுழற்றினால் விசிறி சுழலாது, நீங்கள் நகர்ந்தால்தான் நகரும். தகட்டில் கோடுகள் நேராக இருப்பதால் விசிறிக்குப் பதில் ஒரு நீண்ட ஒளிப்பட்டை விழும். அந்தப் பட்டைதான் இந்தச் சரக்கின் அழகும் தொல்லையும்.

நம் ஊர்ப் பக்கம் 'அலுமினியத்தில் பிரின்ட்' என்று கொடுப்பது பெரும்பாலும் ஏசிபி ஷீட், அதாவது கடை முகப்பில் ஒட்டுகிற அதே சாமான். மொத்தக் கனம் 3 மில்லிமீட்டர். நல்ல ரகத்தில் இரண்டு பக்கமும் 0.3 மில்லிமீட்டர் அலுமினியத் தோல், நடுவில் பாலிஎதிலீன். மலிவு ரகத்தில் தோல் இன்னும் மெலிசு, விரலால் அழுத்தினாலே குழி விழும். நடுவில் பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். 4 அடிக்கு 3 அடி படம் இந்த ஷீட்டில் சுமார் 4 கிலோதான் வரும். அதே அளவு முழு அலுமினியத் தகடு 3 மில்லிமீட்டர் கனத்தில் 9 கிலோ. 3 மில்லிமீட்டர் கண்ணாடி, பிரேம் சேர்க்காமலே 8 கிலோ தாண்டும். சுண்ணாம்புக் காரைச் சுவரில் ஆணி அடித்துப் பார்த்தவர்களுக்கு இந்த நாலு கிலோவின் அருமை தெரியும்.

அச்சடிப்பதில் இரண்டு வழி. ஒன்று யூவி பிரின்ட். தகட்டைப் படுக்க வைத்து மேலே மை தெளிப்பார்கள், விழுந்த மையைப் புற ஊதா விளக்கு அங்கேயே உறைய வைக்கும். பெயர்ப்பலகை வேலை செய்கிறவர்களிடம் இந்த மெஷின் இருக்கும். இன்னொன்று சப்ளிமேஷன், மக்கில் போட்டோ போடுவார்களே, அதே வித்தை. தாளில் அச்சடித்த சாயத்தைச் சுமார் 200 டிகிரி சூட்டில் அழுத்தினால் அது ஆவியாகித் தகட்டின் மேலுள்ள பூச்சுக்குள் இறங்கிவிடும். நகத்தால் சுரண்டினாலும் வராது. ஆனால் நேர் வெயில் பட்டால் சாயம் வெளுக்கும். பெரிய அளவு வேண்டுமென்றால் நம் ஊர் மக்குக் கடையின் மெஷின் போதாது, பெரிய ஊரிலிருந்துதான் வரவழைக்க வேண்டும். அக்கா வீட்டுக்கு யூவி போதும் என்று நான் முடிவு செய்ததற்குக் காரணம் பணம் இல்லை, யூவியில் அடிக்க முடிகிற வெள்ளை மை.

அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும்.

காகிதத்தில் வெள்ளை நிறத்தை யாரும் அச்சடிப்பதில்லை. மை விழாத இடத்தில் காகிதமே வெள்ளையாக நிற்கும். தகட்டிலும் மை விழாத இடத்தில் தகடுதான் தெரியும், அது வெள்ளை இல்லை, வெள்ளி. மஞ்சள், நீலம், சிவப்பு எல்லாமே ஒளி ஊடுருவும் மைகள். அடியில் காகிதம் இருந்தால் பளிச்சென்று இருக்கும், உலோகம் இருந்தால் ஒரு படி இருண்டு, ஆனால் மின்னும். மஞ்சள் மட்டும் வேறு ஆளாகிவிடும். வெள்ளித் தகட்டின் மேல் மஞ்சள் மை விழுந்தால் பொன் மாதிரித் தெரியும். சிவப்பு புது கார் பெயிண்ட் மாதிரி, நீலம் பளபளப்பான மிட்டாய்க் காகிதம் மாதிரி. கறுப்பு கறுப்பாகவே இருக்கும்.

இப்படி நடக்கக் கூடாத இடங்களில் முதலில் ஒரு படலம் வெள்ளை மை அடித்து, அதன் மேல் நிறம் அடிக்கலாம். 'ஒயிட் லேயர்' என்று கேட்க வேண்டும். படம் முழுக்க வெள்ளை போட்டால் தகடு மறைந்துவிடும், அப்புறம் தகட்டுக்குக் கொடுத்த காசு வீண். ஒன்றுமே போடாவிட்டால் படத்தின் வெளிச்சமெல்லாம் சாம்பலாகும். எங்கே போடுவது, எங்கே விடுவது என்று உட்கார்ந்து குறித்துக் கொடுக்கிற கடைதான் நல்ல கடை. "எல்லாம் ஆட்டோமேட்டிக் சார்" என்று சொல்கிற இடத்தில் காபி மட்டும் குடித்துவிட்டு வரலாம்.

அரூப ஓவியம் தகட்டுக்குப் பொருந்துவதும் இதனால்தான். முகம் இருக்கிற படத்தில் கன்னம் வெள்ளி பூத்தால் காய்ச்சல்காரர் மாதிரி ஆகிவிடும். சாமி படம் என்றால் அம்மா வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள். வட்டத்துக்கும் கட்டத்துக்கும் அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் எல்லா அரூப ஓவியமும் பொருந்தும் என்று நினைத்துவிடக் கூடாது. டச்சு ஓவியர் மோந்திரியான் 1930-இல் வரைந்த சிவப்பு, நீலம், மஞ்சள் கட்டங்கள் இருக்கின்றனவே, அதில் கறுப்புக் கோடுகளுக்கு இடையே இருக்கும் வெள்ளை சும்மா விட்ட இடமில்லை, அவர் தூரிகையால் பூசிய நிறம். அந்த வெள்ளைதான் சிவப்பை அந்த அளவுக்குச் சிவக்க வைக்கிறது. அதைத் தகட்டில் பார்த்தேன், வெள்ளையெல்லாம் வெள்ளியாகிக் கட்டங்கள் ஸ்விட்ச் போர்டு மாதிரி இருந்தன. மாலேவிச் என்ற ஓவியர் 1918-இல் வெள்ளைத் தளத்தின் மேல் வெள்ளைச் சதுரம் ஒன்று வரைந்தார், நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒயிட் லேயர் இல்லாமல் அதைத் தகட்டில் அடிக்கச் சொன்னால் கடைக்காரர் வெறும் ஷீட்டையே அறுத்துக் கொடுத்து வேலையை முடித்துவிடலாம்.

கோடு எந்தப் பக்கம் ஓடுகிறது

மயிலாடுதுறையில் கிளினிக் வைத்திருக்கும் ஒரு நண்பர், அக்காவுக்கு முன்பே இந்த வேலையில் இறங்கினார். காத்திருக்கும் அறைக்கு ஒரே படத்தை மூன்று துண்டாக, ஒவ்வொன்றும் 2 அடி அகலம் 3 அடி உயரம். எட்டுக்கு நாலு ஷீட்டில் கோடு எட்டடி நீளத்தோடு ஓடும். மூன்று துண்டையும் ஒரே திசையில் வைத்து அறுக்க ஒரு ஷீட் தாராளம். ஆனால் செய்து கொடுத்த கடையில் இரண்டை ஒரு ஷீட்டிலும், மூன்றாவதை ஏற்கெனவே கிடந்த மிச்சத் துண்டிலும் அறுத்திருக்கிறார்கள். மிச்சத் துண்டு குறுக்கே திரும்பிக் கிடந்திருக்கிறது. கடையில் டியூப் லைட்டுக்குக் கீழே படுக்க வைத்துப் பார்த்தபோது யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கிளினிக்கில் மாட்டிய அன்று சாயங்காலம் ஜன்னல் வெளிச்சத்தில் இரண்டு துண்டு மின்னியது, மூன்றாவது மட்டும் கரி பிடித்த மாதிரி நின்றது. மை ஒன்று, படம் ஒன்று, கோடு மட்டும் வேறு. நண்பர் சண்டை போட்டுப் பார்த்தார். "லைட்டிங்ல அப்படித்தான் சார் தெரியும்" என்ற பதிலோடு சரி. ஷீட்டின் பாதுகாப்புப் படலத்தில் அம்புக்குறி போட்டிருப்பதே இந்தத் தப்பு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான்.

அம்பு எந்தத் திசையில் இருக்க வேண்டும் என்பது உங்கள் சுவரைப் பொறுத்தது. கோடு படுக்கையாக ஓடினால் எதிரே இருக்கும் ஜன்னலின் ஒளி மேலும் கீழுமாக நீண்டு, ஒரு தூண் மாதிரித் தெரியும். நீங்கள் நடந்தால் அந்தத் தூணும் கூடவே நடக்கும். கோடு நெட்டாக ஓடினால் ஒளி இடவலமாகப் பரவி, ஒரே உயரத்தில் படுத்த பட்டையாக நிற்கும். நடந்து போகிற ரேழிக்கும் தாழ்வாரத்துக்கும் படுக்கைக் கோடு உயிரோட்டமாக இருக்கும். உட்கார்ந்த இடத்திலிருந்து மணிக்கணக்கில் பார்க்கிற இடத்துக்கு நெட்டுக் கோடு தொந்தரவு குறைவு என்பது என் அனுபவம். டிவிக்கு எதிர்ச் சுவரில் மட்டும் எந்தத் திசையானாலும் வேண்டாம்.

முற்றம் வைத்த வீட்டுக்கு இது பெரிய விஷயம். காலையில் முற்றத்து வெளிச்சம் சாய்வாகவும் மெதுவாகவும் வரும். உச்சி வெயிலில் முற்றத்துத் தரையே விளக்காகி, கீழிருந்து மேலாக அடிக்கும். மழை மூடிய நாளில் எல்லாம் ஈய நிறம். காகிதப் படம் இதற்கெல்லாம் அசையாது, காலையில் இருந்த சிவப்பு மாலையிலும் அதே சிவப்பு. தகடு வீட்டின் வெளிச்சத்தைக் குடித்து நேரத்துக்கு ஒரு நிறமாகும். இதை விரும்புகிறவர்களுக்குத்தான் தகடு. ஓவியர் வைத்த நிறம் அப்படியே வேண்டும் என்கிறவர்களுக்கு, சந்தேகமே வேண்டாம், காகிதம்.

துணியும் காகிதமும் மற்றவையும்

கேன்வாஸைத்தான் முதலில் எல்லாரும் சொல்வார்கள். விலை குறைவு. எங்களிடம் சொன்ன விலைகளில் தகட்டுக்குக் கேன்வாஸைப் போல ஒன்றேமுக்கால் மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆனது. கேன்வாஸில் கண்ணாடி இல்லாததால் எதிரொளி இல்லை, எந்த மூலையில் நின்றாலும் படம் தெரியும். படக்கோப்பு கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் துணியின் நெசவு அதை மூடி மறைத்துவிடும். மூலப்படத்தில் தூரிகைத் தடம் தடித்துத் தெரிகிறதென்றால் அந்த நெசவு நியாயமாகவும் இருக்கும்.

நம் ஊரில் அதற்கு எதிரி ஐப்பசியும் கார்த்திகையும். வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் வாரக் கணக்கில் துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. பருத்திக் கேன்வாஸ் ஈரக் காற்றில் தொய்ந்து, சித்திரையில் மறுபடி விறைக்கும். இப்படி நாலு வருஷம் ஆனால் மூலைகளில் அலை விழும். சட்டத்தின் உள்மூலையில் அடிக்கிற சின்ன ஆப்புகளைத் தட்டி இறுக்கிக்கொள்ளலாம், ஆனால் இப்போது வருகிற ரெடிமேட் சட்டங்களில் அந்த ஆப்பே இருப்பதில்லை. பின்பக்கம் திறந்திருப்பதால் பல்லி குடியேறும், குளவி கூடு கட்டும். சட்டம் மட்டமான மரமென்றால் கரையானுக்குச் சொல்லி அனுப்பவே வேண்டாம். பாலியெஸ்டர் கேன்வாஸ், வேதிப் பதம் செய்த சட்டம், பின்னால் ஒரு அட்டை, சுவருக்கும் படத்துக்கும் நடுவே கீழ்மூலைகளில் ரெண்டு ரப்பர் புஷ். இவ்வளவும் செய்தால் டெல்டாவிலும் கேன்வாஸ் நன்றாகவே நிற்கும். மேல்மாடிப் படுக்கையறை மாதிரி உலர்ந்த இடத்துக்கு நான் கேன்வாஸைத்தான் சொல்வேன்.

காகிதம். பருத்தி இழைக் காகிதத்தில் பிக்மென்ட் மையால், அதாவது நிறத்துகள் கலந்த மையால், அச்சடித்தது போல நிறம் வேறெதிலும் நிற்காது. ஓவியக்கூடங்கள் நகல் போடும்போது அதைத்தான் நம்புகின்றன. ஆனால் காகிதம் குழந்தை மாதிரி. கண்ணாடி வேண்டும், கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் நடுவே மவுன்ட் அட்டை வேண்டும், அந்த அட்டை அமிலமில்லாததாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓரம் பழுக்கும். அப்பா கடைக்குத் தை பிறந்ததும் வரும் முதல் வேலை, மழையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட கல்யாணப் போட்டோக்களைப் பிரிப்பதுதான். பாதி பிரியும், பாதி பிய்யும். மவுன்ட் இல்லாமல் நேராகக் கண்ணாடியில் அழுத்தியதன் பலன். ராமபாணப் பூச்சி பசையைத் தேடி வந்து காகிதத்தையும் அரித்துவிட்டுப் போகும். ஓதம் அடிக்கிற சுவரில் காகிதப் படத்தை மாட்டுவதும் தெரிந்தே அதைக் குளத்தில் போடுவதும் ஒன்று. உலர்ந்த உள்சுவர், ஜன்னலுக்கு எதிரே இல்லாத இடம், ரெண்டடிக்குள் அளவு என்றால் காகிதத்துக்கு இணை கிடையாது. மோந்திரியான் அங்கே போகட்டும்.

அக்ரிலிக் முகப்பு போட்ட பிரின்ட் விலையிலும் எடையிலும் தகட்டைத் தாண்டும். 5 மில்லிமீட்டர் அக்ரிலிக் 4 அடிக்கு 3 அடி என்றால் ஆறரைக் கிலோ. நிறம் ஆழமாக, தண்ணீருக்கு அடியில் இருப்பது போலத் தெரியும். ஆனால் முழுக் கண்ணாடியாக எதிரொளிக்கும், துடைத்தால் தூசியை இழுக்கும், துடைக்கத் துடைக்கக் கீறும். முற்றத்துக்கு எதிரே மாட்டினால் படத்தில் துளசி மாடம்தான் தெரியும்.

மர இழையை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் லேமினேஷன் செய்து தருவதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மலிவு. ஓரத்தில் ஈரம் ஏறினால் பலகை பிஸ்கட் மாதிரி ஊதும்.

அம்மாவின் கட்சி வேறு. "அவ்வளவு காசு குடுத்து எதுக்குடா நகல்? ஒரு தஞ்சாவூர்ப் படம் வாங்கிப் போட்டா தலைமுறைக்கும் நிக்குமே" என்றாள். அவள் சொன்னதில் பாதி நியாயம். தஞ்சாவூர் ஓவியம் கையால் செய்த அசல். பலகையில் துணி ஒட்டி, சுண்ணாம்புத் தூள் பூச்சு கொடுத்து, புடைப்பு எழுப்பி, கல் பதித்து, அதன் மேல் தங்க ரேக்கு ஒட்டுவது. நம் வட்டாரத்துக்கு உலோகத்தைச் சுவரில் மாட்டுவதும் புதிதல்ல. பித்தளையில் வெள்ளியும் செம்பும் பதித்த தஞ்சாவூர்க் கலைத்தட்டு எத்தனை வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது! இரண்டுக்கும் புவிசார் குறியீடே உண்டு. மறுபாதி என்னவென்றால், அக்கா கேட்டது சாமி படம் இல்லை. பொன் மின்ன வேண்டும் என்பதற்காக மட்டும் ஒருவர் தஞ்சாவூர்ப் படம் வாங்கினால், அது அந்தப் படத்துக்கும் மரியாதை இல்லை.

அதைவிட என்னை யோசிக்க வைத்தது இன்னொரு வழி. கும்பகோணத்திலேயே அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கிறவர்களும் படித்து வெளியே வந்தவர்களும் அரூப ஓவியம் வரைகிறார்கள். பெரிய தகடு ஒன்றுக்குச் சொன்ன விலையில் சின்ன அளவில் ஓர் அசல் ஓவியம் கிடைக்கும் வாய்ப்பு நிச்சயம் உண்டு. வரைந்தவரிடம் பேசலாம், இது என் வீட்டுக்கு வந்த கதை என்று சொல்லிக்கொள்ளலாம். அக்காவிடம் நான் முதலில் சொன்னதே இதைத்தான். பத்தடிச் சுவருக்கு இரண்டடிப் படம் போதாது, நாலடிக்கு அசல் வாங்க இப்போது கையில் இல்லை என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்கிலும் தப்பில்லை. ஆனால் சுவர் சின்னதென்றால் நகலைப் பற்றிய பேச்சே வேண்டாம், அசலைத் தேடுங்கள்.

கடல் பக்கம் என்றால்

வேதாரண்யத்தில் உப்பளத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மாமா ஒருவர், அக்கா வீட்டுப் பேச்சைக் கேட்டுவிட்டு "எனக்கும் ஒண்ணு போடுடா" என்றார். நான் வேண்டாம் என்றேன். 2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பக்கம்தான் கரையேறியது, ஆனால் நான் பயந்தது புயலுக்கு இல்லை, தினமும் வீசுகிற காற்றுக்கு. அவர் வீட்டு அலுமினிய ஜன்னல் சட்டத்தில் வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கிறது, கையால் தடவினால் சொரசொரவென்று இருக்கும். உப்பு ஈரம் அலுமினியத்தை அங்கங்கே குழி பறிக்கும். ஏசிபி ஷீட்டின் முகத்தில் பூச்சு இருந்தாலும் அறுத்த ஓரத்தில் அலுமினியம் வெறுமையாகத்தான் இருக்கும், அரிப்பு அங்கிருந்துதான் தொடங்கி மைக்கு அடியில் நகரும்.

எந்த ஊரானாலும் ஒன்று: நாலு மூலையிலும் அசல் பித்தளைக் குமிழ் வைத்துத் திருகலாமே என்று கும்பகோணத்துக்காரர்களுக்குக் கை அரிக்கும். வேண்டாம். பித்தளையும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் கரையும். இரும்பு ஆணி துருப்பிடித்துக் கறையை ஒழுகவிடும். துருப்பிடிக்காத எஃகுத் திருகும் நடுவே ஒரு நைலான் வாஷரும் போட்டால் கவலை இல்லை. அதைவிட நல்லது, தகட்டின் பின்னால் அலுமினியச் சேனல் ஒட்டி, சுவரில் அடித்த இன்னொரு சேனலில் கொக்கி மாதிரி மாட்டுவது. முகத்தில் ஓட்டையே விழாது. சுவருக்கும் தகட்டுக்கும் அரை அங்குலம் இடைவெளியும் கிடைக்கும். சுவரின் ஓதம் அந்த இடைவெளியில் காய்ந்துகொள்ளும். இரட்டைப் பக்க டேப்பை மட்டும் நம்பாதீர்கள். டேப் பிடித்துக்கொள்ளும், சுண்ணாம்புச் சுவர் விட்டுவிடும். வெயிலில் தகடு விரியுமே என்று ஒருவர் கேட்டார். 20 டிகிரி ஏறினால் நாலடித் தகடு அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளும், சேனலில் தொங்குகிற படத்துக்கு அது ஒன்றுமே இல்லை.

படம் யாருடையது?

இணையத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் அச்சடித்துக்கொள்ள முடியாது. இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்த பிறகு 60 ஆண்டு வரை உரிமை உண்டு, இறந்த வருஷத்துக்கு அடுத்த வருஷத்திலிருந்து கணக்கு. காண்டின்ஸ்கியும் மோந்திரியானும் 1944-இல் இறந்தவர்கள், 2004-ஓடு முடிந்தது. சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை 1966-இல் தொடங்கிய கே. சி. எஸ். பணிக்கர் 1977-இல் மறைந்தார், அவர் படங்களுக்கு 2037 முடியும் வரை உரிமை இருக்கிறது. திருச்சி மாவட்டத்துக்காரரான கே. எம். ஆதிமூலம் மறைந்தது 2008-இல். அவருடைய வண்ண அரூபங்கள் தகட்டில் எப்படி இருக்கும் என்று எனக்கும் ஆசைதான், ஆனால் அனுமதி இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

அக்கா கடைசியில் நின்றது காண்டின்ஸ்கியின் வட்டங்களில். 1913-இல் வரைந்தது. பன்னிரண்டு கட்டம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்றுக்குள் ஒன்றாக வட்டங்கள். "கோலம் போட்டுக் கலர் பொடி நிரப்பின மாதிரி இருக்குடா" என்றாள். அசல் மியூனிக் நகரத்தின் லென்பாக் மாளிகை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அது தகடும் இல்லை, கேன்வாஸும் இல்லை. நிறங்கள் பக்கத்துப் பக்கத்தில் வந்தால் என்ன ஆகிறது என்று பார்க்க அவர் காகிதத்தில் போட்ட பயிற்சி. உயரம் சுமார் 24, அகலம் சுமார் 32 சென்டிமீட்டர், ஒரு பள்ளிக்கூட ஓவிய நோட்டு அளவு. அதை நாலடிக்கு இழுத்து உலோகத்தில் போடுவது நியாயமா என்று கேட்டால், நகல் என்ற கணக்கில் நியாயமில்லை. நியாயம் பார்த்தால் அதே அளவில் காகிதத்தில் அடித்து, நல்ல மவுன்ட் போட்டு, மேசைக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். நாலடித் தகடு என்பது அந்தப் படத்தை வைத்து நாம் செய்துகொண்ட இன்னொரு பொருள். அதைத் தெரிந்துகொண்டு செய்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. நீள அகல விகிதம் 4-க்கு 3 என்று கிட்டத்தட்ட அப்படியே பொருந்தியது, ஓரம் எதையும் வெட்ட வேண்டியிருக்கவில்லை.

கோப்பு விஷயத்தில் மட்டும் மருமகனோடு கொஞ்சம் வாக்குவாதம். அவன் அனுப்பியது 1600 புள்ளி அகலம். 48 அங்குலத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 33 புள்ளிதான் வரும். கேன்வாஸ் மன்னிக்கும், தகடு மன்னிக்காது, வட்டங்களின் ஓரம் பல் பல்லாகத் தெரியும். ஆறடி தள்ளி நின்று பார்க்கிற படத்துக்கு அங்குலத்துக்கு 100 புள்ளியாவது வேண்டும், அதாவது 4800 புள்ளி அகலம். தேடினான், கிடைத்தது.

அந்தச் சுவருக்கு ஏன் தகடு என்று முடிவானது என்றால், சாரல். ஐப்பசியில் காற்று மாறி அடித்தால் முற்றத்து மழை கூடம் வரைக்கும் தெறிக்கும். கேன்வாஸும் காகிதமும் அங்கே தாங்காது. இந்த ஒரு காரணம் இல்லையென்றால் கேன்வாஸே போதும் என்று விட்டிருப்பேன்.

முழுப் படத்துக்கும் ஆர்டர் கொடுப்பதற்கு முன்னால், அரையடிக்கு அரையடி மாதிரித் துண்டு ஒன்று காசு கொடுத்து வாங்கினோம். ஒரே வட்டம், பாதிக்கு ஒயிட் லேயர், பாதிக்கு இல்லை. அதைச் சுவரில் பிடித்துக் காலை எட்டு மணிக்கும், உச்சி வெயிலிலும், ராத்திரி டியூப் லைட்டிலும் பார்த்தோம். துண்டைத் திருப்பித் திருப்பிப் பிடித்து, கோடு படுக்கையாக ஓடட்டும் என்று அக்காவே முடிவு செய்தாள். மஞ்சள் வளையங்களுக்கு வெள்ளை வேண்டாம், பொன்னாகவே இருக்கட்டும். இளம் நீலத்துக்கும் ரோஸுக்கும் வெள்ளை போட்டாக வேண்டும், இல்லாவிட்டால் சாம்பல் தட்டுகிறது. உச்சி வெயிலில் நடுவே அரை மணி நேரம் கண் கூசும், அதற்கு அத்தான் சொன்ன தீர்வு, அந்த நேரத்தில் சாப்பிட உட்கார்ந்துவிடுவது.

படம் மாட்டி ஏழு மாதம் ஆகிறது, ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டது. துடைப்பதற்கு ஈரம் பிழிந்த மெத்துத் துணி மட்டும். புளி, எலுமிச்சை, சோடா உப்பு எதுவும் கிட்டே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அலுமினியப் பாத்திரத்தில் சோடா உப்பு போட்டால் கறுப்பது எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆயுத பூஜைக்கு மட்டும் அம்மா மூலையில் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டாள், துடைத்ததும் போய்விட்டது.

மாதிரித் துண்டு அடுப்படியில் எண்ணெய்க் கிண்ணத்துக்கு அடியில் கிடக்கிறது. தினம் எண்ணெய் வழிகிறது, தினம் துடைக்கிறார்கள், நிறம் அசையவில்லை. கிண்ணத்தின் விளிம்பு உரசி உரசி வெள்ளை மை போட்ட பாதியில் மட்டும் ஒரு பிறை வடிவத்துக்கு மை உதிர்ந்து, உள்ளே இருந்த தகடு எட்டிப் பார்க்கிறது.